போர்வெல் தண்ணீரும் கார்க் கண்ணாடியில் ஏறும் வெள்ளைக் கறையும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஓடும் கார்களில் மூன்று, நான்கு வயதான எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் பளபளப்பாக இருக்கும். டயர் கூடப் புதிதாக இருக்கும். பக்கக் கண்ணாடியை மட்டும் சாய்ந்த வெயிலில் பார்த்தால், அம்மை வடு விழுந்த முகம்போல் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள் தெரியும். வாட்டர் சர்வீஸில் விட்டு நுரை பொங்கக் கழுவினால், ஈரம் இருக்கும்வரை கண்ணாடி சுத்தமாகத்தான் இருக்கிறது. காய்ந்ததும் புள்ளிகள் திரும்பிவிடுகின்றன, சில சமயம் புதிதாக நான்கைச் சேர்த்துக்கொண்டு.

ஷாம்பூவைக் குறை சொல்லிப் பயனில்லை. எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் கிளப்புவதுதான் அதன் வேலை. கண்ணாடியில் ஒட்டியிருப்பதோ கல். வெந்நீர் போடும் ராடில் பக்குப் பக்காகப் படிந்து கிடக்கிறதே, குளியலறைக் குழாயின் வாயை அடைக்கிறதே, அதே சுண்ணாம்புக் கல். ராடில் படிந்ததை யாரும் சோப்புப் போட்டுத் தேய்ப்பதில்லை. கண்ணாடியில் படிந்ததை மட்டும் அழுக்கு என்று நினைத்து, துணியாலும் கம்பி நாராலும் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியைக் கீறிவிடுகிறோம். கல்லை முதலில் கரைக்க வேண்டும். தேய்ப்பது அதற்கு அப்புறம், அதுவும் தேவைப்பட்டால் மட்டுமே.

லாரி, டாக்ஸி ஓட்டுநர்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. துணியில் கொஞ்சம் டீசலையோ மண்ணெண்ணெயையோ தொட்டுக் கண்ணாடியைத் துடைத்துவிடுவார்கள். புள்ளிகள் மாயமாகிவிடும். உண்மையில் ஒரு புள்ளிகூடப் போயிருக்காது. கறையின் கரடுமுரடான பரப்பில் உள்ள ஒவ்வொரு துகளும் வெளிச்சத்தை ஒவ்வொரு பக்கமாகச் சிதறடிப்பதால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது. ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.52. இடைவெளி பெரிதாக இருப்பதால் சிதறலும் அதிகம். துகள்களின் இடுக்கில் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, 1.44 அளவுள்ள மண்ணெண்ணெய் அங்கே புகுந்துகொண்டால் சிதறல் அடங்கிவிடுகிறது. தண்ணீரும் இதையே செய்கிறது, அதன் எண் 1.33. அதனால்தான் ஈரக் கண்ணாடியில் கறை தெரிவதில்லை. தண்ணீர் சில நிமிடங்களில் காய்ந்துவிடும், எண்ணெய் சில நாள் தங்கும். வித்தியாசம் அவ்வளவுதான். முன்கண்ணாடியில் இந்த வைத்தியத்தைச் செய்துவிட்டு மழை நாளில் தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி மலைச்சாலையில் இரவில் இறங்கினால், எதிரே வரும் விளக்கு வெளிச்சம் கண்ணாடி முழுக்கப் பரவிப் பாதையை மறைத்துவிடும். பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் கண்ணாடியை விரலால் ஒரு முறை தடவிப் பார்ப்பது நல்லது. விரலில் பிசுக்கு ஒட்டினால், அடியில் எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

இந்தக் கல் காலுக்குக் கீழேயிருந்துதான் வருகிறது. 2004 பிப்ரவரிவரை ஒன்றாக இருந்த இவ்விரு மாவட்டங்களின் அடித்தளம் முழுவதும் நீஸ், சார்னோகைட், கிரானைட் முதலிய கடினப் பாறைகள். ஒகேனக்கல்லிலும் ஊத்தங்கரை அருகே சாமல்பட்டியிலும் கார்பனடைட் என்ற அரிய பாறையும் உண்டு. சுண்ணாம்புக் கல்லின் அதே கால்சியம் கார்பனேட்டை எரிமலைக் குழம்பின் வழியாகப் பூமி உண்டாக்கிய பாறை அது. ஆனால் நம் கண்ணாடிக் கறைக்கு அவ்வளவு அபூர்வமான காரணம் தேவையில்லை. சாதாரணப் பாறையில் உள்ள ஃபெல்ஸ்பார் கனிமமும், தோட்டத்து மண்ணில் கடப்பாரையைப் போட்டால் இடறும் சுக்கான்கல் என்ற சுண்ணாம்புக் கட்டியும் போதும்.

மழை நீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையிலும் சுக்கான்கல்லிலும் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கடினப் பாறையில் நீர் தங்குவதற்கு இடம் குறைவு. சிதைந்த மேலடுக்கும் அதற்கும் கீழே ஓடும் விரிசல்களும்தான். ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்யும் பகுதியில் ஆயிரம் அடி ஆழத்துக்குக் குழாய் இறக்கினால், வெளியே வருவது பாறையோடு நெடுங்காலம் உறவாடிய நீராகத்தான் இருக்கும். பார்க்கத் தெளிவாக இருக்கும். கால்சியம் அதில் பைகார்பனேட்டாகக் கரைந்து ஒளிந்திருக்கிறது.

அந்த நீர் காரின் மேல் விழுந்ததும் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. நீர் ஆவியாகிறது, கூடவே கரியமில வாயுவும் வெளியேறுகிறது. வாயு போனதும் பைகார்பனேட் நிலைகுலைந்து, நீரில் அநேகமாகக் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. பாறையைக் கரைத்த வேதிவினை அப்படியே தலைகீழாக நடக்கிறது. பாறை கரைந்த வேகத்தை நினைத்தால், வெயிலில் நிறுத்திய காரின் சூடேறிய கண்ணாடி மேல் இது எத்தனை விரைவில் முடிகிறது என்பதுதான் வியப்பு.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, நீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்த கால்சியம், மக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. 600 என்றே வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு மில்லிலிட்டரில் இருபது சொட்டு என்ற கணக்கில் ஒரு சொட்டு காய்ந்து விட்டுச்செல்லும் கல் வெறும் 0.03 மில்லிகிராம். கண்ணுக்குத் தெரியக் கூடாத அளவு. ஆனாலும் தெரிகிறது, ஏனென்றால் அந்தச் சிறு அளவும் சொட்டு முழுக்கப் பரவாமல் விளிம்பில் போய்க் குவிகிறது. சொட்டின் ஓரம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நகராமல் இருக்கிறது. மெல்லிய ஓரத்தில் ஆவியாதல் வேகமாக நடக்கிறது. அங்கே குறையும் நீரை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது, போகும்போது தன்னிடம் உள்ளதையும் இழுத்துக்கொண்டு போகிறது. காபி சிந்திய மேசையில் விழும் வளையத்துக்கும் இதுதான் காரணம் என்று 1997இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டீகனும் உடன் ஆய்ந்தவர்களும் விளக்கினார்கள். நம் கார்க் கண்ணாடியில் ஒவ்வொரு புள்ளியும் நடுவில் தெளிந்தும் ஓரத்தில் தடித்தும் இருப்பதைப் பூதக்கண்ணாடி இல்லாமலேயே பார்க்கலாம். அடுத்த வாரம் கழுவும்போது அதே கரடான வளையத்தில் புதிய சொட்டு பிடித்து நிற்கும். வளையத்தின் மேல் வளையம் ஏறும்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. எங்கள் பக்கத்தில் வெள்ளைக் கறையைப் பார்த்ததும், ‘புளோரைடு அதிகம் உள்ள தண்ணீர்’ என்று சொல்லிவிடுகிறார்கள். பென்னாகரம், பாலக்கோடு பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு இருப்பதும், அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லும் எலும்பும் கெட்டதும் உண்மை. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டமே வந்தது. ஜப்பான் நாட்டின் கடனுதவியுடன் 2008இல் அடிக்கல் நாட்டி, சுமார் 1,929 கோடி ரூபாய்ச் செலவில் 2013இல் காவிரி நீரை இரு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தார்கள். ஆனால் புளோரைடின் ஆபத்து லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டும்போதே தொடங்கிவிடுகிறது. கடினத்தன்மையோ நூற்றுக்கணக்கான மில்லிகிராமில் பேசப்படுவது. கண்ணாடியில் நாம் பார்க்கும் வெள்ளையில் புளோரைடின் பங்கு கண்ணுக்குத் தெரியாத அளவே. தவிர, கால்சியம் நிறைந்த நீரில் புளோரைடு கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடுவதால், புளோரைடு மிகுந்த கிணறுகளில் பெரும்பாலும் கால்சியம் குறைவாகவே இருக்கும். ஆகவே கறை படியாத நீர் குடிக்கப் பாதுகாப்பானது என்றும் நினைக்கக் கூடாது, கறை படிகிற நீரைப் பார்த்துப் பல்லுக்காகப் பயப்படவும் வேண்டாம். அதை ஆய்வகத்தில் கொடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கறைக்கே வருவோம். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் கண்ணாடியில் மூன்று வகைச் சேதம் இருக்க முடியும். எது என்று தெரியாமல் கையில் கிடைத்ததைப் போட்டுத் தேய்ப்பதில்தான் பணமும் உழைப்பும் வீணாகின்றன. முதல் வகை, மேலே சொன்ன கார்பனேட் படிவு. இலேசான அமிலத்துக்கே அது கரைந்துவிடும். இரண்டாவது, மணலின் மூலப்பொருளான சிலிக்கா. கிரானைட்டிலும் நீஸிலும் ஊறிய நீரில் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் சிலிக்காவும் கரைந்திருக்கும். நீர் காய்ந்ததும் அது கண்ணாடி போன்ற மெல்லிய தோலாகப் படிகிறது. கண்ணாடியே முக்கால் பங்கு சிலிக்கா என்பதால் இந்தத் தோல் அதோடு நன்றாகப் பிடித்துக்கொள்கிறது, வினிகருக்கு அசைவதும் இல்லை. பாறை நாட்டில் இருக்கும் நமக்கு, சமவெளிக்காரர்களைவிட இந்தத் தொல்லை கூடுதல். மூன்றாவது வகையில் மேலே எதுவும் படிந்திருக்காது. கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கும். நீர் திரும்பத் திரும்ப நின்று காயும் இடத்தில் கண்ணாடியிலுள்ள சோடியம் மெல்ல நீருக்குள் கசிகிறது. அந்தச் சொட்டு நீர் காரத்தன்மை அடைகிறது. கார அமில எண் (pH) 9ஐத் தாண்டினால் சிலிக்கா வலையே உடையத் தொடங்குகிறது. அங்கே ஏற்படுவது பள்ளம். பள்ளத்தைக் கரைத்து எடுக்க முடியாது, சுற்றியுள்ள மேட்டைத்தான் குறைக்க முடியும்.

இவற்றை வேறுபடுத்திப் பார்க்கக் காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. காரைக் கழுவி உலர்த்திவிட்டு, கையில் மெல்லிய பாலித்தீன் பை ஒன்றை மாட்டிக்கொண்டு கண்ணாடியை மெதுவாகத் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பை வழியே மணல் போல் உறுத்தும். தடவும்போது புள்ளிகள் மேடாக இடறினால் படிவு. கண்ணுக்குப் புள்ளி தெரிந்தும் விரல் வழுக்கிக்கொண்டு போனால் அரிப்பு என்ற சந்தேகம் வலுக்கும். படிவு என்றால் அதன் மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டுச் சில நிமிடம் காய விடாமல் வைத்திருந்து துடைத்துப் பாருங்கள். அந்த இடம் மட்டும் தெளிந்தால் கார்பனேட். தெளியவே இல்லையென்றால் பெரும்பாலும் சிலிக்கா. கார்பனேட் அமிலத்தில் நுரைக்கும் என்று பள்ளியில் படித்ததை நம்பிக் குமிழுக்காகக் காத்திருக்க வேண்டாம், இவ்வளவு மெல்லிய படிவில் குமிழ் கண்ணில் படாது.

அமிலம் என்றதும் எல்லோருக்கும் வரும் ஆசை, கடுமையானதாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியுமே என்பது. கணக்கு அதற்கு எதிராக இருக்கிறது. மளிகைக் கடை வினிகரில் அசெட்டிக் அமிலம் 4 முதல் 5 சதவீதம். அந்த வினிகரின் ஒரு மில்லிலிட்டர் முப்பது, நாற்பது மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கும். ஒரு சொட்டு விட்டுச்செல்வது 0.03 மில்லிகிராம் என்று பார்த்தோம். அதாவது ஒரு மில்லிலிட்டர் வினிகரில் ஆயிரம் சொட்டுகளின் கறையைக் கரைக்கும் சக்தி இருக்கிறது. வலு போதாமல் வினிகர் தோற்பதில்லை, ஓடிப்போவதால் தோற்கிறது. கார்க் கண்ணாடி செங்குத்தாக நிற்கிறது. தெளித்த வினிகர் பத்து நொடியில் வழிந்து கதவின் ரப்பர் பீடிங்குக்குள் போய்விடுகிறது. மிச்சம் வெயிலில் காய்ந்துவிடுகிறது. நாமோ பாட்டிலைப் பார்த்து முகம் சுளிக்கிறோம்.

ஆகவே வேலை முழுவதும் அமிலத்தைக் கறையின் மேல் நிறுத்திவைப்பதில்தான் இருக்கிறது. காரை நிழலில் நிறுத்தி, கண்ணாடி கைக்குக் குளிர்ச்சியாகும்வரை பொறுக்க வேண்டும். முதலில் தண்ணீரை ஊற்றித் தூசியை இறக்கிவிட வேண்டும். கிரானைட் அறுக்கும் பட்டறைகளும் குவாரி லாரிகளும் உள்ள பர்கூர், சூளகிரிப் பக்கத்துக் கார்களுக்கு இது இன்னும் முக்கியம். கிரானைட் தூசியில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது, உலர்ந்த துணியால் இழுத்தால் கோடு விழும். பிறகு வினிகரில் பாதி நல்ல தண்ணீர் கலந்து, டிஷ்யூ காகிதத்தை அதில் நனைத்து, சுவரொட்டி ஒட்டுவது போல் கண்ணாடியில் ஒட்டிவிட வேண்டும். காகிதத்துக்கு அடியில் காற்றுக் குமிழி இருந்தால் விரலால் நீவி வெளியேற்றுங்கள், குமிழி இருக்கும் இடத்தில் கறை அப்படியே நிற்கும். ஓரங்கள் காயத் தொடங்கினால் மேலே கொஞ்சம் தெளியுங்கள். பத்து நிமிடம் கழித்துக் காகிதத்தை உரித்து, அதைக் கொண்டே வட்டமாக இரண்டு சுற்றுத் தேய்த்தால் விரலுக்கடியில் இருந்த நறநறப்பு அடங்கி வழுவழுப்பாவது தெரியும். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கண்ணாடியையும் கீழே வழிந்த பெயின்ட்டையும் பீடிங்கையும் கழுவிவிடுங்கள். பழைய கறைக்கு இதை இரண்டு, மூன்று முறை செய்ய வேண்டியிருக்கலாம். ஒரே தடவையில் முடிக்கும் வெறி வேண்டாம்.

வினிகர் வாடை பிடிக்காதவர்கள் எலுமிச்சை உப்பு என்று கடையில் கேட்டு வாங்கும் சிட்ரிக் அமிலத்தைப் பயன்படுத்தலாம். 100 மில்லி தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி போதும். கால்சியத்தைக் கவ்விப் பிடிக்கும் குணம் அதற்கு உண்டு. காய விட்டால் தானே வெள்ளைப் படிவை விட்டுவிடும் என்பதால் கழுவுவதில் சோம்பல் கூடாது.

புளியைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். புளியந்தோப்புகள் நிறைந்த மாவட்டங்கள், பித்தளைப் பாத்திரத்தை நொடியில் மினுக்கும் புளி கண்ணாடிக்கு ஆகாதா என்ற கேள்வி நியாயமானது. ஆகாது என்பதே என் கட்சி. பித்தளையில் புளி நீக்குவது செம்பின் ஆக்சைடுக் கறுப்பை. கண்ணாடியில் எதிரே இருப்பது கால்சியம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் கால்சியமும் சேர்ந்தால் உண்டாகும் கால்சியம் டார்ட்ரேட் தண்ணீரில் நன்றாகக் கரையாது. ஒரு வெள்ளையை எடுத்து இன்னொரு வெள்ளையை வைத்ததாகும். வினிகரால் உண்டாகும் கால்சியம் அசெட்டேட்டோ தண்ணீரோடு ஓடிவிடும். தவிர, புளியின் சர்க்கரைப் பிசுக்கைப் பீடிங்கிலிருந்து எடுப்பது தனி வேலை. புளியைக் குழம்புக்கே விட்டுவிடலாம்.

கழிவறை கழுவும் ஆசிட்டைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறையைக் கரைக்கும், கூடவே கதவின் அடி விளிம்பில் பெயின்ட் பெயர்ந்த இடத்து இரும்பையும் குரோம் பட்டையையும் தின்னும். பிளீச்சிங் பவுடர் கலந்த நீரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அதைவிட மோசமான இன்னொன்று, டைல்ஸுக்கும் அலாய் வீலுக்கும் விற்கும் சில திரவங்களில் உள்ள அம்மோனியம் பைபுளோரைடு. சிலிக்காக் கறையைக் கரைக்கும் வெகுசில பொருள்களில் அதுவும் ஒன்று என்பதால் சிலர் பரிந்துரைக்கிறார்கள். கறையைக் கரைக்கும் அதே காரணத்தால் கண்ணாடியையும் கரைத்துப் பனி மூடியது போல் மங்கலாக்கிவிடும். அதிலிருந்து வரும் ஹைட்ரோபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் வலி தாமதமாகத்தான் தெரியும். அதற்குள் அது உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துவிடும், எலும்புவரை போகும். தண்ணீரிலிருந்து புளோரைடை விரட்ட நெடுங்காலம் போராடிய ஊரில், அதைக் காசு கொடுத்து வாங்கி வெறும் கையில் பூசிக்கொள்வதற்கு என்ன சொல்வது!

அமிலத்துக்கு மசியாத கறைக்கு அடுத்த ஆயுதம் பாலிஷ். கண்ணாடிக் கடைகளிலும் கார் அலங்காரப் பொருள் கடைகளிலும் சீரியம் ஆக்சைடு என்ற வெளிர் மஞ்சள் தூள் கிடைக்கும். மூக்குக்கண்ணாடி லென்ஸை மெருகேற்றுவதும் இதை வைத்துத்தான். வெறும் உராய்வால் மட்டும் இது வேலை செய்வதில்லை, சிலிக்காவோடு வேதிமுறையிலும் வினை புரிந்து மேல்தோலை மட்டும் மெல்ல எடுக்கிறது. அதனால்தான் கீறல் விழுவதில்லை. தண்ணீரில் பால் பதத்துக்குக் கரைத்து, கம்பளிப் பட்டையில் தொட்டு, சிறு பகுதியாகத் தேய்க்க வேண்டும். கையால் செய்தால் தோள் வலிக்கும், இயந்திரத்தில் போட்டால் வேகத்தைக் குறைத்து, கண்ணாடி சூடேறாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். தூள் காயும்போது பறக்கும், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். பக்கக் கண்ணாடியிலும் பின்கண்ணாடியின் வெளிப்புறத்திலும் இதைத் துணிந்து செய்யலாம். பின்கண்ணாடியின் உட்புறம் பனி நீக்கும் கம்பிகள் ஓடுவதால் அங்கே எந்தத் தேய்ப்பும் கூடாது. முன்கண்ணாடியில் மட்டும் என் யோசனை வேறு. ஒரே இடத்தில் அதிகம் தேய்த்துவிட்டால் அந்த இடம் குழிந்து, வெளிச்சத்தை வளைத்துக் காட்டும். ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே அப்படி ஒரு குழிவு இருப்பதைவிடப் புள்ளியே மேல். அதை அனுபவமுள்ள கையிடம் விட்டுவிடுவது நல்லது.

பற்பசை வைத்தியமும் அடிக்கடி காதில் விழுவதுதான். பற்பசையில் சுண்ணத்தூளோ நுண்ணிய சிலிக்காவோ இருப்பதால் இலேசான பாலிஷ் குணம் அதற்கு உண்டு, புதுக் கறையில் கொஞ்சம் பலனும் தெரியும். முழுக் காரைச் சுற்றிப் பற்பசை போடுவதென்றால் வினிகரே மலிவு. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் வேண்டவே வேண்டாம்.

எடுத்துவிட்ட கறை ஒரு மாதத்தில் திரும்பி வருவதற்குத் தண்ணீரும் நம் பழக்கமும் காரணம். இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாயில் வரும் நீரை வாளியில் பிடித்து, வீணாக்கக் கூடாதென்று அதில் காரைக் கழுவுகிறார்கள். சிக்கனம் பாராட்டத்தக்கது, தண்ணீர்தான் தவறானது. நான்கு லிட்டர் போர்வெல் நீரில் ஒரு லிட்டரைச் சுத்தமாக்கிக் கொடுத்துவிட்டு, அநேகமாக அத்தனை உப்பையும் மிச்ச மூன்று லிட்டருக்குள் தள்ளுகிறது இயந்திரம். கழிவு நீரின் கடினத்தன்மை மூலநீரைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பாதிக்குப் பாதி பிரிக்கும் இயந்திரமாக இருந்தால் இரு மடங்கு. அதை வாசல் கழுவவும் கழிவறைக்கும் வைத்துக்கொண்டு, காருக்குக் காட்டாமல் இருந்தால் போதும்.

எதிர்ப்பக்கத்தில் கவனிக்காமல் வீணாகும் நல்ல தண்ணீர் ஒன்று இருக்கிறது. அறை ஏ.சி.யின் குழாயில் சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த நீர், பாறையைக் கண்டிராதது. கொஞ்சம் தூசி இருக்கலாம், சுண்ணாம்பு இருக்காது. மெல்லிய துணியில் வடிகட்டி வைத்தால், காரைக் கழுவி முடித்ததும் கண்ணாடிகளுக்கு மட்டும் கடைசி ஊற்றுக்கு அது போதும். முன்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் வைப்பர் பாட்டிலிலும் இதையே ஊற்றலாம், போர்வெல் நீர் ஊற்றினால் அந்த ஊசித் துளை உப்படைத்து நின்றுவிடும். மழை நீரும், பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரும் இதே வேலைக்கு உதவும். ஒகேனக்கல் தண்ணீர் போர்வெல்லைவிட மென்மையானதுதான், ஆனால் குடிப்பதற்கென்று வந்த நீரைக் குழாய் போட்டுக் காரில் அடிப்பதை நான் சொல்ல மாட்டேன்.

வீட்டில் நீர் மென்மையாக்கும் கருவி வைத்திருப்பவர்கள் அதன் பிறகும் வெள்ளைப் புள்ளி விழுகிறது என்று குறைப்படுவதுண்டு. அந்தக் கருவி உப்பை நீக்குவதில்லை. கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை நுழைத்துப் பார்த்தால் எண் அநேகமாக அப்படியேதான் இருக்கும். ஆனால் சோடிய உப்புகள் தண்ணீரில் கரைபவை. ஈரத் துணியில் ஒரு துடைப்பில் போய்விடும், கல்லாக இறுகாது. அந்த வகையில் கருவி தன் வேலையைச் செய்கிறது.

எந்தத் தண்ணீராக இருந்தாலும் சொட்டைக் கண்ணாடியில் காய விடாமல் எடுத்துவிட்டால் கறைக்கு வழியே இல்லை. காலை வெயில் ஏறுவதற்கு முன்போ மாலையிலோ கழுவி, முதலில் ரப்பர் வைப்பரால் வழித்து, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பக்கக் கண்ணாடியைப் பாதி இறக்கி மேல் விளிம்பையும் துடையுங்கள், பீடிங்குக்குள் ஒளிந்த நீர் பத்து நிமிடம் கழித்துத்தான் கோடாக வழியும். வாட்டர் சர்வீஸில் வண்டியை விட்டால், வெயிலில் நிறுத்திக் காய வைக்காமல் துடைத்துத் தரும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீரை ஒட்டவிடாத பூச்சுகளைக் கடைகளில் விற்கிறார்கள். ஓடும் காரில் அவை நன்றாக வேலை செய்யும், காற்றே சொட்டைத் தள்ளிவிடும். நிற்கும் காரில் சொட்டு உருண்டு திரண்டு அதே இடத்தில் காய்ந்தால் புள்ளி சிறிதாகவும் தடிப்பாகவும் விழும். பூச்சு இருக்கிறதே என்று துடைக்காமல் விட முடியாது.

நிறுத்தும் இடத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஓசூர், கெலமங்கலம், தளி பக்கம் பூந்தோட்டங்களுக்கு அருகிலோ, நெடுஞ்சாலை உணவகத்துப் புல்வெளிக்கு அருகிலோ தெளிப்பான் சுழலும் இடத்தில் தினமும் காரை நிறுத்தினால், ஒரே பக்கத்துக் கண்ணாடிகளில் மட்டும் கறை ஏறும். நாள்தோறும் நனைந்து காய்வதால் அரிப்பு வரை போவதும் அங்கேதான். புதுக் கட்டடத்தின் பால்கனிக்குக் கீழே நிறுத்தியவர்களுக்கு இன்னொரு வகை. சிமென்ட் வழியே கசிந்து சொட்டும் நீர் கடுமையான சுண்ணக் காரம், கண்ணாடியோடு பெயின்ட்டையும் சேர்த்தே பிடிக்கும். அது விழுந்தால் வாரக் கடைசிக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே வினிகர் காகிதத்தை ஒட்டிவிட வேண்டும். அரிப்பு ஆழமாகிவிட்ட பக்கக் கண்ணாடிக்கு மணிக்கணக்கில் கூலி கொடுத்துப் பாலிஷ் போடுவதற்கு முன்னால், அதே கண்ணாடி புதிதாக என்ன விலை என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பல சிறிய கார்களுக்கு மாற்றுவதே ஆதாயமாக இருக்கும்.